கார்பன் அம்புக்கு அலுமினியப் பூண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் வில் பழகுவோருக்கு மெத்தென்ற புல்தரை வாய்ப்பது அரிது. இலக்கைத் தவறிய அம்பு செம்மண் சரளையிலோ, செம்பனையின் காய்ந்த அடிமட்டையிலோ, மண்ணுக்கு வெளியே தலைநீட்டும் பழைய ரப்பர் மர வேரிலோ போய் முட்டுகிறது. குறிநோக்கிக் கருவி ஏதுமின்றி எய்யும் மரபு வில்லில் இது அடிக்கடி நேர்வதால், கார்பன் அம்புகளின் முன்முனை விரைவில் பிளந்துவிடுகிறது. பழைய அலுமினிய அம்புத்தண்டிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டி, கார்பன் தண்டின் முன்முனையில் வெளிப்புறமாக மாட்டி ஒட்டுவது இதற்குப் பலரும் கையாளும் தீர்வு. வில்லாளர்கள் ஃபூட்டிங் என்று சொல்லும் இந்தத் துண்டு, உலக்கையின் அடியில் இரும்புப் பூண் செய்யும் வேலையையே செய்வதால், இக்கட்டுரையில் அதைப் பூண் என்றே குறிப்பிடுகிறேன். எளிய வேலைதான், ஆயினும் அரைகுறையாகச் செய்யப்பட்ட பூண், பூணே இல்லாத அம்பைவிட முன்னதாக முறிவதைப் பயிற்சித் திடலில் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது.

தவறுகளைப் புரிந்துகொள்ள, அம்பு எப்படி உடைகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கார்பன் தண்டின் இழைகளில் பெரும்பங்கு நீளவாட்டில் ஓடுபவை; அவற்றைப் பிணைத்து வைத்திருப்பது பிசின் மட்டுமே. அம்பு கல்லில் நேராக மோதும்போது, கூர்முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டப்பட்ட இன்சர்ட் பின்னோக்கித் தள்ளப்பட்டு, ஆப்பு போலத் தண்டின் வாயை விரிக்கிறது. இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து வாய் பூப்போல மலர்கிறது. சாய்வாக மோதும்போது நடப்பது வேறு: இன்சர்ட் இருக்கும் பகுதி விறைப்பாகவும், அதற்குப் பின்னால் வெற்றுக்குழாயாக உள்ள பகுதி நெகிழ்வாகவும் இருப்பதால், வளைவு முழுவதும் இரண்டும் சந்திக்கும் அந்த ஒரே கோட்டில் குவிந்து, தண்டு அங்கேயே முறிகிறது. பூண் முதல் சேதத்தை வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்துத் தடுக்கிறது. இரண்டாவதை, வளைவை நீண்ட பரப்பில் பகிர்ந்து தடுக்கிறது. அடியை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புவதே பூணின் வேலை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் தவறுகள் ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பது தானாகவே விளங்கும்.

மிகப் பரவலான தவறு நீளத்தைப் பற்றியது. எடை கூடிவிடுமோ என்று அஞ்சியோ, ஓர் அலுமினிய அம்பிலிருந்து அதிகத் துண்டுகள் கிடைக்கட்டும் என்று எண்ணியோ, பூணை இன்சர்ட்டின் நீளத்துக்கே வெட்டிவிடுகிறார்கள். வழக்கமான இன்சர்ட் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் தண்டுக்குள் இறங்கும். பூணும் அதே 25 மில்லிமீட்டரில் முடிந்தால், உள்ளே இன்சர்ட்டின் முனையும் வெளியே பூணின் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். விறைப்பிலிருந்து நெகிழ்வுக்கு மாறும் இடம் முன்பைவிடக் கூர்மையாகி, கத்தியால் நறுக்கியதுபோல அம்பு அங்கே ஒடியும். பூண் இன்சர்ட்டைத் தாண்டி அரை அங்குலமாவது பின்னுக்குச் செல்ல வேண்டும். ஆகவே 38 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலான நீளமே பயன்தரும். நீளமான பித்தளை இன்சர்ட்டைப் பயன்படுத்துவோர் அதன் நீளத்தை முதலில் அளந்து, அதற்கேற்பப் பூணின் நீளத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதே காரணத்தால்தான் பூணின் பின்விளிம்பைச் சீவாமல் விடுவதும் தவறாகிறது. வெட்டியபடியே விடப்பட்ட செங்குத்தான விளிம்பு, அம்பு வளையும் ஒவ்வொரு முறையும் கார்பனின் மேற்பரப்பை ஒரே வட்டத்தில் அழுத்துகிறது. கோணிச்சாக்கில் துணியும் பிளாஸ்டிக் தாளும் அடைத்துச் செய்த இலக்குகளே நம் ஊர்களில் மிகுதி. அவற்றிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது அந்த விளிம்பு கொக்கியாகி நூலையும் சிம்பையும் இழுத்துக்கொண்டு வருவதோடு, ஒட்டையும் சிறுகச் சிறுகத் தளர்த்துகிறது. ஒட்டுவதற்கு முன் பூணைப் பொருத்தமான மரக்குச்சியில் செருகி, குச்சியைத் துளைப்பான் எந்திரத்தில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, பின்விளிம்பின் மேல் மென்மையான அரத்தைச் சாய்வாகப் பிடித்தால், சில நொடிகளில் விளிம்பு தண்டோடு இழைந்து இறங்கும் சரிவாகிவிடும். விரல் நகத்தைத் தண்டின் மேல் பின்னிருந்து முன்னாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் சரிவு போதாது.

அடுத்தது விட்டம். 500 ஸ்பைன் கார்பன் அம்புக்கு இன்ன அலுமினிய எண் பொருந்தும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அளக்காமலே வாங்கிவிடுகிறார்கள். ஸ்பைன் எண் தண்டின் பருமனைச் சொல்வதில்லை. 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், தண்டு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு வளைகிறது என்பதை மட்டுமே அது குறிக்கிறது. ஒரே ஸ்பைன் எண்ணுள்ள இரு நிறுவனங்களின் தண்டுகள் வெளிவிட்டத்தில் வேறுபடலாம். மாறாக, அலுமினியத் தண்டின் நான்கு இலக்க எண் அளவையே சொல்லிவிடுகிறது: முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கில், அடுத்த இரண்டு இலக்கம் சுவரின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். 2117 என்றால் வெளிவிட்டம் 8.33 மில்லிமீட்டர், சுவர் 0.43 மில்லிமீட்டர், சுவரின் தடிப்பை இருமுறை கழித்தால் உள்விட்டம் 7.47 மில்லிமீட்டர். இவ்வாறே 2018இன் உள்விட்டம் 7.02, 2219இன் உள்விட்டம் 7.77 மில்லிமீட்டர். கார்பன் தண்டை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே கூடுதலான உள்விட்டமுள்ள தண்டைத் தேர்ந்தெடுத்தால், ஒட்டுக்கு இடமும் இருக்கும். பூண் மையம் பிசகவும் செய்யாது. இறுக்கமாக உள்ளதைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவதோ, கார்பனைத் தேய்த்துத் தேய்த்து மெலியவைப்பதோ கூடாது. தேயும் ஒவ்வொரு படலமும் வலுவைத் தரும் இழைதான்.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். குழாய் வெட்டும் கருவி அலுமினியத்தை வெட்டும்போது விளிம்பை உள்நோக்கி மடக்கிவிடுகிறது. அந்தப் பிசிரை நீக்காமல் மாட்டினால், அது கார்பன் தண்டின் மேல் கீறலாக நீள்வதோடு, பூசிய ஒட்டையும் வழித்துத் தள்ளிவிடும். வேகமாகச் சுழலும் உராய்வுத் தட்டால் வெட்டி, உள்விளிம்பைக் கத்தி முனையால் சுரண்டிவிடுவதே நன்று. கார்பன் தண்டை வெட்ட நேர்ந்தால் இரும்பறுக்கும் வாளோ குழாய் வெட்டியோ ஒருபோதும் ஆகாது, இழைகள் சிதறும். கார்பன் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால், முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுக்குள், பிள்ளைகள் உள்ள இடத்தில் செய்யாதீர்கள்.

பூணின் முன்முகம் இன்சர்ட்டின் விளிம்போடும் கூர்முனையின் தோளோடும் படிந்து உட்கார வேண்டும். இடையே இடைவெளி இருந்தால் மோதலின் விசை பூணுக்கு வராமல் முழுவதும் கார்பனின் வாயிலேயே இறங்கும். அப்போது பூண் வெறும் அலங்காரம். இதனோடு சேர்ந்த இன்னொரு பிழை, பழைய கூர்முனையையே தொடர்ந்து பயன்படுத்துவது. பூண் ஏறியபின் அம்பின் முன்பகுதி பருத்துவிடுகிறது. 2117 பூணுக்குமுன் 7.5 மில்லிமீட்டர் கூர்முனையை வைத்தால், பூணின் வாய் வெளியே படிபோலத் துருத்திக்கொண்டு இலக்கையும் மண்ணையும் நேரடியாக இடித்து, நாளடைவில் நசுங்கும். 21/64 அங்குலக் கூர்முனை அந்தப் பூணின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

ஒட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் நாட்டின் ஈரக்காற்று இதில் பெரும்பங்கு வகிக்கிறது. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க, இடையே ஈரம் புகுந்தால், மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். மழையில் நனைந்த அம்புகளைத் துடைக்காமல் அம்புக்கூட்டில் போட்டு வைத்தவர்கள், சில மாதங்கள் கழித்துப் பூணின் விளிம்பில் சாம்பல் கலந்த வெண்பொடி பூத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். இரண்டு பொருள்களையும் முழுச் சுற்றிலும் பிரித்து வைக்கும் எப்பாக்ஸி ஒட்டின் படலமே அதற்குத் தடுப்பு. ஆகவே நுனியில் ஒரு சொட்டு வைத்துத் தள்ளுவது போதாது. தண்டின் மேல் முழு நீளத்துக்கும் மெல்லப் பூசி, பூணைத் திருகியபடியே ஏற்றி, பின்விளிம்பில் பிதுங்கும் ஒட்டை வழித்துச் சரிவாக விட வேண்டும். அதற்குமுன் பூணின் உட்புறத்தையும் தண்டின் பளபளப்பையும் மென்மையான உப்புத்தாளால் இலேசாகச் சொரசொரப்பாக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றே ஒட்டைத் தோற்கடிக்கப் போதும். ஐந்து நிமிட எப்பாக்ஸி என்று உறையில் எழுதியிருந்தாலும், மறுநாள்வரை அம்பைத் தொடாமல் விடுங்கள். பூணைக் கழற்றத் தீச்சுடரில் காட்டுவது பெரும் பிழை. கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசினே வெப்பத்தில் கெட்டுவிடும்.

எடையைப் புறக்கணிப்பதும் உண்டு. 38 மில்லிமீட்டர் நீளமுள்ள 2117 பூண் ஏறத்தாழ 1.1 கிராம், அதாவது வில்லாளர்கள் அம்பின் எடையைச் சொல்லும் கிரெய்ன் அலகில் 17 அல்லது 18. முன்முனையில் எடை கூடினால் அம்பு எய்யும் கணத்தில் முன்பைவிட அதிகமாக வளைந்து, வலுக்குறைந்த தண்டுபோல நடந்துகொள்ளும். வலக்கையால் மூன்று விரல்கொண்டு நாணை இழுப்பவருக்கு அத்தகைய அம்பு வலப்புறம் விலகும். கட்டைவிரல் வளையம் அணிந்து, அம்பை வில்லின் வலப்பக்கம் வைத்து எய்பவருக்கு இடப்புறம் விலகும். பூண் போட்ட அம்பும் போடாத அம்பும் ஒரே கூட்டில் கலந்திருந்தால், பிழை கையிலா அம்பிலா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பூணிட்டால் கூட்டில் உள்ள எல்லா அம்புகளுக்கும் இடுங்கள். பிறகு இறகில்லாத ஓர் அம்பை எய்து பார்த்துக் கூர்முனையின் எடையைத் திருத்துங்கள்.

கைமேல் அம்பை வைத்து எய்யும் ஆசிய வில் முறை நம் நாட்டில் மலாய் நண்பர்களிடையேயும் மற்றவரிடையேயும் பரவிவரும் இக்காலத்தில், அம்பின் நீளத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முழுவதும் இழுத்த நிலையில் பூணின் பின்விளிம்பு கையைத் தாண்டி ஓர் அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும். அது விரல்மேல் வந்து ஏறினால் அம்பின் கோணம் மாறுவதோடு, தோலும் கிழியும்.

இவை அனைத்திலும் ஆபத்தானது, விரிசல் விட்ட தண்டைப் பூணால் மூடிப் பயன்படுத்துவது. விரிசலுள்ள கார்பன் அம்பு நாண் விடுபடும் கணத்தில் சிதறி, அதன் சிம்புகள் வில்லைப் பிடித்த கையில் ஆழமாகப் பாயக்கூடும். அறுவை செய்து எடுக்க நேர்ந்த காயங்கள் வில்லுலகில் தெரிந்தவையே. பூணிடுவதற்கு முன், தண்டின் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு விலக்கி, மெல்ல வளைத்துச் சுற்றிச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். நெறுநெறுவென்ற ஒலி வந்தால் அந்தத் தண்டு முடிந்தது. பிறகு ஒரு பஞ்சுத்துண்டைத் தண்டின் மேல் நீளவாட்டில் இழுங்கள். எழும்பிய இழை இருந்தால் பஞ்சு அங்கே சிக்கிக்கொள்ளும். பூண் போட்ட அம்பு கல்லிலோ வேரிலோ மோதியபின்னும் இதே சோதனையை, இம்முறை பூணின் பின்விளிம்பை ஒட்டிய விரலகலப் பகுதியில், செய்ய வேண்டும். விரிசல் இனித் தொடங்கும் இடம் அதுவே. அங்கே பஞ்சு சிக்கினால், வேறொருவர் எடுத்து எய்துவிடாதபடி தண்டை வெட்டி, தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.