முரசில் (பல் ஈறில்) இரத்தம் வந்தால் துலக்குவதை விட்டுவிடாதீர்கள்
காலையில் தேயிலைக் கொழுந்துக்குப் போகும் அவசரத்தில் துப்பும் நுரை சிவந்திருந்தால், பெரும்பாலும் முரசோரம் அழுக்குப் படிந்து வீங்கியிருக்கிறது. பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் வீக்கம் கூடும். மென்மையான பிரஷ்ஷை முரசுப் பக்கம் 45 பாகை சாய்த்து, 2 நிமிடம், இரவிலும் துலக்குங்கள்.

கல்லாக இறுகிய காரை பிரஷ்ஷுக்குப் போகாது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது அதிகம். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் இலவசமாகவே சுரண்டி எடுப்பார்கள். பல் ஆடினால், சீழ் கசிந்தால், முரசுக்குள் வேர்வரை சுத்தம் செய்யவேண்டும், சிலருக்குச் சத்திரசிகிச்சையும். பீடி, சுருட்டுக் குடிப்பவர்களுக்கு இரத்தம் வராமலே பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், அதுதான் ஆபத்து.

குளோர்ஹெக்சிடின் 0.2 வீதக் கொப்பளிப்பு மருந்து தந்தால் 10 மில்லிலீற்றர், 1 நிமிடம். கொப்பளித்த கையோடு பிளேன்டீ குடித்தால் பல் பழுப்பேறும்.