கை நுழையாத செம்பு வாலை வேண்டாம்

வாலை என்பது நீரை ஆவியாக்கி, குளிரவைத்து வடிக்கும் கலம். நான் செய்த முதல் செம்பு வாலையிலிருந்து இறங்கிய பன்னீர் லேசான பச்சையாக இருந்தது. பூவின் நிறம் என்று நினைத்து மகிழ்ந்தேன். காய்ச்சி வடித்த நீரில் பூவின் நிறம் ஏறாது, அது செம்பில் பிடிக்கும் பச்சைக் களிம்பு என்று புரிய இரண்டு நாள் ஆனது. மொத்தத்தையும் கொட்டினேன். குழாய்ச் சுருளில் ஒரு வளைவு தாழ்ந்திருந்தது. அதில் தேங்கிய நீர் வாரக்கணக்கில் காற்றும் செம்புமாகச் சேர்ந்து களிம்பாகியிருந்தது. அங்கே விரலும் போகாது, தூரிகையும் போகாது. அதனால்தான் வாலை செய்ய நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இது: கழுவ முடிகிற மாதிரி செய்யுங்கள்.

நான் பூவும் இலையும் மட்டுமே வடிக்கிறேன். உரிமம் இல்லாமல் வீட்டில் சாராயம் காய்ச்சுவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். சாராய ஆவி தீப்பிடிக்கவும் செய்யும். எனவே கீழே வருவதெல்லாம் பன்னீருக்கும், மூலிகையிலிருந்து வடிக்கும் தீநீருக்கும்தான்.

பானைக்கு 1 மி.மீ. தடிமன் செப்புத் தகடு போதும். 24 செ.மீ. விட்டம், 22 செ.மீ. உயரம் வைத்தால் கிட்டத்தட்ட 10 லிட்டர் பிடிக்கும். சுற்றுத் தகட்டை 76.5 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர், விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதற்கு. தட்டத் தட்ட செம்பு இறுகி, ஒரு கட்டத்தில் விரிசல் விடும். சுத்தியல் துள்ள ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் முக்குங்கள். எஃகு இப்படி முக்கினால் கடினமாகும், செம்போ மறுபடி மெத்தென்று வளையும். மூடிக்கான குவிந்த தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டும்போது நான் நான்கு முறை இப்படிச் செய்தேன்.

பானையின் வாயைக் கை நுழையாத அளவுக்குக் குறுக்காதீர்கள். பழைய படங்களில் கழுத்து ஒடுங்கிய வாலைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் என் முஷ்டி உள்ளே போய் அடிமூலையைத் தொட வேண்டும். என் வாலைக்கு வாய் 14 செ.மீ.

இணைப்புகளில் 2.5 செ.மீ.க்கு ஒன்றாகச் செப்பு ரிவெட் அடித்து, அதன்மேல் ஈயமில்லாத சால்டரை (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) ஓட்டுங்கள். டின் எனப்படும் வெள்ளீயமும் வெள்ளியும் கலந்தது நல்லது. மின்சாமான்களுக்கு விற்கும் பழைய வகையில் ஈயம் இருக்கும், அது கூடவே கூடாது. சால்டர் ஒட்டுவதற்காகத் தடவும் ஃபிளக்ஸும் தண்ணீரில் கரையும் வகையாக இருக்கட்டும். இந்தச் சால்டர் 220 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். பானையில் நீர் இருக்கும்வரை பயமில்லை. ஒருமுறை நான் கவனிக்காமல் நீர் வற்றியதும், கருகிய இதழ் வாசனையோடு அடி இணைப்பு வாய்பிளந்தது. அதன் பிறகு அடுப்பை விட்டு நான் நகர்வதில்லை. பானையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதும் இல்லை.

மூடிக்கும் பானைக்கும் இடையே ரப்பர் வேண்டாம். மைதாவைத் தண்ணீரில் கெட்டியாகப் பிசைந்து விளிம்பைச் சுற்றி அப்புங்கள். சூட்டில் அது காய்ந்து ஆவியை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதுதான். ஆவி போகும் வழியில் எங்கும் திருகு வால்வு வைக்கக் கூடாது. மூடியின் வாயை இதழ்கள் அடைக்காதபடி ஒரு செப்புச் சல்லடையைக் குறுக்கே வையுங்கள்.

இப்போது குளிர்விக்கும் குழாய். சுருளை நான் கைவிட்டுவிட்டேன். 15 மி.மீ. செப்புக் குழாய், அதைச் சுற்றி 80 செ.மீ. நீளத்துக்கு 22 மி.மீ. குழாய், இரண்டுக்கும் நடுவே தண்ணீர். முனைகளை மூடும் இணைப்பான்களுக்குள் குழாயைத் தடுக்கும் சிறு மேடு இருக்கும். அதை அரத்தால் ராவி எடுத்தால்தான் உள்குழாய் ஊடுருவிப் போகும். குளிர்நீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும், அப்போதுதான் வெளிக்குழாய் முழுக்க நிரம்பும். குழாய் முழுவதும் ஒரே சரிவாக இறங்கட்டும். சுருளைவிட இடம் அடைக்கும்தான். ஆனால் நீளக் கம்பியில் கட்டிய பாட்டில் தூரிகை ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருகிறது. அதற்காக எவ்வளவு இடமும் கொடுக்கலாம்.

புது வாலையில் உடனே பூவைப் போடாதீர்கள். சோப்பும் வெந்நீரும் கொண்டு ஃபிளக்ஸை முழுக்கக் கழுவுங்கள். அப்புறம் ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு வினிகர் ஊற்றி, அரை மணி நேரம் ஆவி குழாய் வழியே போகும்படி கொதிக்க விடுங்கள். வடிந்ததையெல்லாம் கொட்டிவிடுங்கள். அடுத்து வெறும் நீரில் ஒருமுறை, பிறகு மலிவான ஏதாவது இலை போட்டு ஒருமுறை. அந்த வடிநீரும் கொட்டத்தான். இந்த மூன்றில் எதையும் தவிர்க்காதீர்கள்.

தினசரிக் கழுவல் எளிது. சூடு ஆறியதும் இலையை அள்ளிவிட்டு, வெந்நீரும் மென்மையான துணியும் போதும். குழாயில் எண்ணெய் வாசனை தங்கியிருந்தால் வெறும் நீரை ஆவியாக்கி ஓட்டுங்கள். உட்புறம் பழுப்பாக மங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது தகட்டைத் தேய்ப்பதுதான். பச்சையோ நீலமோ தெரிந்தால் மட்டும் விடக்கூடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து இருபது நிமிடம் ஊறவைத்துத் துடையுங்கள். எலுமிச்சையும் உப்பும் வேலை செய்யும், ஆனால் உப்பு ஒரு துளி தங்கினாலும் செம்பை அரிக்கும், நிறைய அலச வேண்டும். இரும்பு நார் வேண்டாம். அதன் துணுக்குகள் செம்பில் பதிந்து துருவாகும். ப்ளீச்சும் வேண்டாம்.

கழுவியது பாதி வேலை, உலர்த்துவது மீதி. மூடியைக் கழற்றி, பானையைத் துணியால் துடைத்துக் கவிழ்த்து, குழாயைச் செங்குத்தாகச் சாய்த்து வைக்கிறேன். மூடிய நிலையில் எடுத்து வைப்பதே இல்லை. அடுத்த முறை வடிக்கும் முன், வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் ஒருமுறை விட்டு இழுக்கிறேன். துணியில் துளி பச்சை தெரிந்தாலும் அன்று பூ பறிப்பதில்லை, சிட்ரிக் அமிலத்தைத்தான் தேடுகிறேன்.