புளிப் பொட்டலத்துக்கு ஒரு கதை: தருமபுரி, கிருஷ்ணகிரி சிறு உற்பத்தியாளர்களுக்கான வழிகாட்டி

பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் புளி வணிகம் செய்வோருக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து நாம் அனுப்பும் சரக்கு மூட்டையாக வெளியூர் போய், அங்கே வேறொருவர் பெயர் தாங்கிய அரைக்கிலோ பையாக மாறி, நமக்குக் கிடைத்ததைவிட அதிக விலைக்கு விற்கிறது. இதைப் பார்த்துச் சொந்தப் பெயரில் பை போட முடிவு செய்வோர் பெரும்பாலும் முதலில் அச்சகத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே கணினியில் இருக்கும் பழைய மாதிரி ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி, ஒரு புளியமரப் படத்தையும் ஒரு பாட்டியின் படத்தையும் சேர்த்து, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பை தயாராகிவிடுகிறது. கடையில் அது மிளகாய்த்தூள் பைகளுக்கு நடுவே தொங்கும்போது, போட்டவருக்கே தம் பையை அடையாளம் காணச் சற்று நேரம் பிடிக்கும்.

அச்சகத்துக்குப் போவதற்கு முன் தருமபுரியிலுள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை போய், அங்குள்ள நடுகற்களின் முன்னால் சிறிது நேரம் நிற்கப் பரிந்துரைக்கிறேன். வில்லோ வாளோ ஏந்திய ஒரு வீரனின் உருவமும் சில வரி எழுத்துமே பெரும்பாலான நடுகல்லில் இருக்கும். ஆனால் யார் ஆட்சியில், எந்த ஊரில், எதற்காக இறந்தான் என்பதை அந்தச் சில வரிகள் சொல்லிவிடுகின்றன. அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் இதற்கு இன்னும் நல்ல சான்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், தொறுப் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுக்கப்பட்ட அந்தக் கல்லில், கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்பவர் மனத்தில் முதலில் நிற்பது அந்த நாய்தான். நாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, கள்வர் எண்ணிக்கைகூட இருக்கிறது. ‘விசுவாசம் மிக்க பிராணி’ என்று மட்டும் பொறித்திருந்தால் இன்று யாரும் அதைப் பேசப் போவதில்லை.

ஆகவே கதையைத் தேடும்போது பெருமிதத்தைத் தேடாமல், பெயரும் எண்ணும் உள்ள ஒரு செய்தியைத் தேட வேண்டும். வீட்டில் மூத்தவர்களோடும் கொட்டை எடுக்க வரும் பெண்களோடும் ஒரு நாள் உட்கார்ந்து, வேலை நடக்க நடக்கக் கேளுங்கள்: எந்த ஊர் மரம் முதலில் பழுக்கும், எதைப் பார்த்து ஒரு சரக்கை ஒதுக்குகிறீர்கள், போன ஆண்டு என்ன தவறு நடந்தது, வீட்டுக் குழம்புக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்கும் புளி எது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளர் எதை நல்ல சரக்கு என்று உண்மையில் நம்புகிறார் என்பது அதில்தான் வெளிப்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாகப் புளி தட்டும் கல் ஒன்று இருப்பதாகவும், தட்டித் தட்டி அதன் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்தக் குழிதான் கதை. அதை யாரும் இட்டுக்கட்ட முடியாது. அடுத்த தெருக்காரர் கடன் வாங்கவும் முடியாது. அந்தக் கல்லை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவமே, அதாவது ஒரு வட்டத்துக்குள் சற்றே கோணலான இன்னொரு வட்டமே, சின்னமாகிவிடலாம். பையின் பின்புறம், “இந்தக் கல்லில் மூன்று தலைமுறையாகக் கையால் தட்டிக் கொட்டை எடுக்கிறோம். இந்தப் பையில் உள்ளது இந்த ஆண்டு மாசியில் உலுக்கிய புளி” என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். ‘பாரம்பரியத்தின் சுவை, பாட்டியின் கைமணம்’ என்பதை நீக்கிவிடலாம். எந்த ஊறுகாய்க்கும் எந்த அப்பளத்துக்கும் பொருந்தும் வரி, நம் புளிக்கென்று எதையும் சொல்வதில்லை.

இதில் ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. விற்பனை வளர்ந்து, கொட்டை நீக்கும் இயந்திரம் வாங்கும் நாள் வந்தால், ‘கையால் தட்டி’ என்ற சொற்களை அன்றே பையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை, பொய்யில்தான் இருக்கிறது. போன ஆண்டுச் சரக்கை உள்ளே போட்டு ‘இந்த ஆண்டு’ என்று அச்சிடுவதும் அப்படித்தான். புளி நாள்பட நாள்படக் கருக்கும் என்பது சமையல் செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதால், பையைத் திறந்த கணமே கதை பொய்த்துவிடும்.

அதியமானையும் நெல்லிக்கனியையும் பற்றி ஒரு சொல். தகடூர் என்று அன்று அழைக்கப்பட்ட தருமபுரி மண்ணில் பிறந்த எவருக்கும் அந்தக் கதை நெருக்கமானது என்பதில் ஐயமில்லை; ஆனால் ஊர் முழுவதற்கும் சொந்தமான கதை ஒரு பையைத் தனித்துக் காட்டாது. நெல்லிக்காய் விற்பவருக்குக்கூட அதைத் தவிர்க்கவே சொல்வேன்.

கதை பழைமையானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1984இல் டாடா நிறுவனமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கி, நம் ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன், கைக்கடிகாரத்தை மணி பார்க்கும் கருவியாக மட்டும் காட்டாமல், ஒருவர் இன்னொருவருக்குத் தரும் பரிசாகத் தன் விளம்பரங்களில் காட்டியது. மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த அதே இசையைப் பல ஆண்டுகள் விடாமல் ஒலிக்கவும் செய்தது. பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்ததும், ஒரே அடையாளத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டதும் சிறு வணிகருக்கும் எட்டக்கூடியவையே. ஆண்டுதோறும் பையின் நிறத்தை மாற்றும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இனி வடிவமைப்பு. சட்டம் கேட்கும் இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் அழகைத் தேடுவதே சரியான வரிசை. தயாரிப்பவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தேதி விவரங்கள், புகாருக்கான தொடர்பு, உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண், சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகியவற்றை வடிவமைத்து முடித்தபின் திணித்தால், எல்லாப் பைகளும் போல அதுவும் சந்தைக்கடையாகிவிடும். உரிய சான்று பெறாமல் ‘ஆர்கானிக்’ என்று போடவே கூடாது.

எழுத்தின் அளவில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். முதன்முதலில் ஒரு பைக்கு வாசகம் அமைத்தபோது, கணினித் திரையில் அழகாகத் தெரிந்த மெல்லிய எழுத்தைச் சிறிதாக வைத்துவிட்டேன். பிளாஸ்டிக்கில் அச்சாகி வந்ததும் புள்ளிகளில் பாதி காணாமல் போய், ‘நார் நீக்கியது’ என்பது ‘நார நீககியது’ என்று நின்றது. ஆயிரக்கணக்கில் பை அடித்தாகிவிட்டது. தமிழுக்குப் புள்ளியும் விசிறியும் கொம்பும் உயிர் என்பதால், சற்றுத் தடித்த எழுத்தையும் தாராளமான வரி இடைவெளியையும் கேட்டு வாங்குங்கள். கணினித் திரையைப் பார்த்து ஒப்புதல் தராமல், அச்சாகப்போகும் அதே தாளிலோ நெகிழியிலோ மாதிரி பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

புளியைப் பொறுத்தவரை, குழம்பு கருக்கக் கூடாது என்று புதுப்புளி தேடுவோர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். ஆகவே உள்ளிருப்பது தெரியும்படி பையில் ஒரு கண்ணாடிச் சாளரம் விடுவது, எந்த வாசகத்தையும்விட வலுவான பேச்சு. அந்தச் சாளரத்தையே குழி விழுந்த கல்லின் வடிவில் வெட்டினால் சின்னமும் சரக்கும் ஒன்றாகிவிடும். பின்னணி நிறம் பழுப்பைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்பதால், வெள்ளைக்குச் சற்றுக் குறைந்த ஒரே நிறமாக வைக்கலாம். மளிகைக் கடைகளில் பை கம்பியில் தொங்குமானால் மேல்பகுதி மறைந்துவிடும். பெயரை அங்கே வைக்கக் கூடாது.

நம் இரு மாவட்டங்களிலும் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகள் உண்டு. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. பையில் நான்கு மொழியும் எழுத இடம் போதாது என்பதால், படிக்கத் தெரியாதவரும் கேட்டு வாங்கும்படியான சின்னம் அவசியமாகிறது.

சின்னம் அப்படி மனத்தில் நிற்கிறதா என்று அறிய, முழு அளவில் வண்ண அச்சு எடுத்து, உண்மையான அரைக்கிலோ புளியைச் சுற்றி ஒட்டி, தெரிந்த கடைகள் சிலவற்றில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். ‘எப்படி இருக்கிறது’ என்று கடைக்காரரிடம் கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்பார், அதனால் பயனில்லை. மறுமுறை வாங்க வந்தவர் என்ன சொல்லிக் கேட்டார் என்று விசாரியுங்கள். ‘அந்தக் கல்லு போட்ட புளி குடுங்க’ என்று இரண்டு மூன்று பேராவது கேட்டிருந்தால், பெயரோடு அந்தப் படத்தையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் சேர்த்து எழுதுவது தனியுரிமையாகக் கிடைப்பது அரிது. கல்லின் படம் அப்படியல்ல. தனிநபருக்கும் சிறு தொழில் நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.