கார்ட்லெஸ் போன் வாங்கப் போகிறீர்களா? ரிவ்யூக்களை இப்படிப் படியுங்கள்

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். செல்போனில் பேசினால் பாதி வார்த்தை அவர் காதில் விழாது. திரையில் பச்சை வட்டத்தை இழுத்து எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் இன்னும் லேண்ட்லைன் இருக்கிறது, அதில் ஒரு கார்ட்லெஸ் போனும் இருக்கிறது. இதுவரை மூன்று வாங்கியாகிவிட்டது. முதல் இரண்டையும் எத்தனை ஸ்டார் என்று மட்டும் பார்த்து வாங்கினேன். மூன்றாவது முறைதான் வாங்கியவர்கள் எழுதியதை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அங்கே இருந்த குறைகளில் நிறைய, போனுடைய குறையே இல்லை. பேட்டரி, லைன், போனை வைத்த இடம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று செய்த தப்புக்கு ஸ்டார் குறைந்தது போனுக்கு. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் எந்த போனை வாங்கலாம் என்பது தானாகத் தெளிந்துவிடும். அதற்கு நான் செய்யும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் உங்கள் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்

ரிவ்யூ பக்கத்தைத் திறக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். இந்த போனில் யார் அதிகம் பேசுவார்? அவருடைய கண், காது, விரல் எப்படி? லைன் கம்பி செருகுகிற பெட்டியை பேஸ் என்போம், கையில் எடுத்துப் பேசுவதை ஹேண்ட்செட் என்போம். அந்த பேஸ் எங்கே நிற்கப் போகிறது, அங்கிருந்து பேசும் இடத்துக்கு நடுவில் எத்தனை சுவர்? லைன் பழைய செம்புக் கம்பியில் வருகிறதா, ஃபைபர் ரூட்டரிலிருந்து வருகிறதா? கரண்ட் அடிக்கடி போகுமா?

இது கையில் இல்லாமல் படித்தால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத குறைக்குப் பயந்து நல்ல போனை விட்டுவிடுவீர்கள்.

படி 2: எந்த மாடலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உறுதி செய்யுங்கள்

ஒரே பக்கத்தில் ஒற்றை ஹேண்ட்செட், இரட்டை, ஆன்சரிங் மெஷின் வைத்தது என்று எல்லா வகையின் கருத்துகளும் கலந்து கிடப்பது சகஜம். மாடல் எண்ணின் கடைசியில் வரும் ஓர் எழுத்து மாறினாலே வசதி மாறும். கருத்துக்குப் பக்கத்தில் எந்த வகையை வாங்கினார் என்று போட்டிருந்தால் அதைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்றைய கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை டெக்ட் என்ற முறையில் வேலை செய்கின்றன. 1992-இல் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட தரம் அது. அது பயன்படுத்தும் அலைவரிசை இடத்துக்கு இடம் மாறும்: ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை, அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரை. அமெரிக்க வகைக்கு ‘டெக்ட் 6.0’ என்று பெயர். அதைப் பார்த்து ஆறாவது தலைமுறை என்று எண்ண வேண்டாம், அது விற்பனைக்காக வைத்த பெயர். ஓர் அலைவரிசை பேஸுடன் வேறு அலைவரிசை ஹேண்ட்செட் சேராது, வரவழைக்கும் போனின் அலைவரிசைக்கு உங்கள் நாட்டில் அனுமதி இல்லாமலும் போகலாம்.

படி 3: நடுவிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

ஐந்து ஸ்டார் கருத்துகளில் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த அன்றைய சந்தோஷம்தான் இருக்கும். ஒரு ஸ்டாரில் பார்சல் தாமதம், உடைந்த பெட்டி என்று கோபம். இரண்டும் பொய் என்று சொல்லவில்லை. போனைப் பற்றிய செய்தி அவற்றில் குறைவு. இரண்டு, மூன்று, நான்கு ஸ்டார் போட்டவர்கள் பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்து எழுதுகிறார்கள். அதிலும் ‘ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன்’ என்று தொடங்கும் கருத்து கிடைத்தால் விடாதீர்கள். பேட்டரியும் பொத்தானும் தங்கள் குணத்தைக் காட்ட அவ்வளவு நாள் ஆகும்.

படி 4: ஒவ்வொரு குறையையும் நாலில் ஒரு கூடையில் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பேட்டரி, லைன், இடம், போன் என்று தாளில் நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குறையைப் படித்ததும் அது எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று யோசியுங்கள்.

முதலில் பேட்டரி. ‘ஒரு வருஷம்தான் ஆகிறது, சார்ஜ் நிற்பதே இல்லை’ என்ற புகார் இல்லாத கார்ட்லெஸ் போனை நான் பார்த்ததில்லை. பெரும்பாலான ஹேண்ட்செட்டுக்குள் இருப்பது இரண்டு சிறிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். அவை தேய்ந்துபோகும், மாற்றத்தான் வேண்டும். அதனால் படிக்கும்போது நான் தேடுவது ஒன்றே ஒன்று: எங்கும் கிடைக்கும் ஏஏஏ அளவு செல் போட்டிருக்கிறார்களா, இல்லை ஒயருடன் வரும் தனி பேக்கா? முதலாவது என்றால் அந்தப் புகாரை அப்படியே பேட்டரி கட்டத்தில் போட்டுவிடலாம். இரண்டாவது என்றால் அந்த பேக் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

‘புது பேட்டரி போட்டும் பயன் இல்லை’ என்று எழுதுபவர் எந்த பேட்டரி போட்டார் என்றும் கவனியுங்கள். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண 1.5 வோல்ட் அல்கலைன் செல்லை ஹேண்ட்செட்டில் போடவே கூடாது. அதைச் சார்ஜில் வைத்தால் ஒழுகும், வெடிக்கவும் கூடும். அதேபோல, வாங்கிய அன்றே சார்ஜ் நிற்கவில்லை என்பவர்களில் பலர் முதல் சார்ஜை முழுதாக ஏற்றியிருக்க மாட்டார்கள். பல போன்களுக்கு முதல் முறை 12 முதல் 16 மணி நேரம் வரை தேவை. குறிப்பேட்டில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டாவது போனில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு நாள் ஹேண்ட்செட் அப்படியே செத்துவிட்டது. ராத்திரி முழுக்க பேஸில் இருந்தும் சார்ஜ் ஏறவில்லை. விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். அடியில் இரண்டு சின்ன உலோகத் தகடுகள், அவற்றின் மேல் பழுப்பாக ஓர் ஏடு. கைவியர்வையும் தூசியும் சேர்ந்து படிந்தது. பேஸிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளில் அதே பழுப்பு. அடாப்டரைக் கழற்றிவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து வைத்தேன். உடனே ‘பீப்’ என்று ஒரு சத்தம், சார்ஜ் விளக்கு எரிந்தது. அன்று மாலை அதற்கு ஒரு ஸ்டார் எழுதலாம் என்று இருந்தவன் நான். அதனால்தான் ‘திடீரென்று செத்துவிட்டது’ என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம், தகட்டைத் துடைத்துப் பார்த்தாரா என்று தேடுகிறேன்.

அடுத்து லைன். கரகர சத்தம், ஹம் என்ற இரைச்சல், எதிரொலி, டயல் டோன் வரவில்லை, அழைப்பவர் எண் தெரியவில்லை இவை எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குத்தான் வரும். செம்புக் கம்பியில் இணையமும் வந்தால், போனுக்கு முன்னால் இணைய அலையைப் பிரித்துவிடும் டிஎஸ்எல் ஃபில்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் கேட்கும். ஃபைபருக்கு மாறியவர்கள் போன் ஒயரைப் பழையபடி சுவர் சாக்கெட்டிலேயே செருகி வைத்தால் டயல் டோன் எங்கிருந்து வரும்? ரூட்டரின் பின்னால் போனுக்கென்று இருக்கும் துளையில் செருக வேண்டும். அழைப்பவர் எண் தெரிய, முதலில் அந்த வசதி உங்கள் லைனில் இருக்க வேண்டும். அதை அனுப்பும் முறையிலும் எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று இரண்டு உண்டு. உங்கள் லைன் எதில் அனுப்புகிறதோ அதை போன் ஏற்க வேண்டும். உங்கள் நாட்டிலேயே பலருக்கு எண் தெரியவில்லை என்றால் மட்டும் இதைப் போன் கட்டத்துக்கு மாற்றுங்கள்.

கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது என்ற புகாரும் நிறைய வரும். பேஸ் ஓடுவது வீட்டுக் கரண்டில், அதனால் அடாப்டர் அணைந்தால் ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தும் பேச முடியாது. பேஸிலேயே பேட்டரி வைத்த சில மாடல்கள் உண்டு. உங்கள் வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும் என்றால் அந்த வசதியைத் தேடிப் படியுங்கள். செம்புக் கம்பி லைன் என்றால் ஒரு பழைய ஒயர் போனையும் மூலையில் வைத்திருங்கள். அதற்குத் தேவையான மின்சாரம் பெரும்பாலும் லைனிலேயே வந்துவிடும்.

இடம் பற்றிய குறை ஒன்றே ஒன்று, ‘ரேஞ்ச் இல்லை’. பெட்டியில் வீட்டுக்குள் 50 மீட்டர், திறந்த வெளியில் 300 மீட்டர் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அது தடை இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. கம்பி போட்ட கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி எல்லாம் அலையைத் தடுக்கும். அதனால் ரேஞ்ச் பற்றி எழுதுபவர் தன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. ‘கீழே பேஸ், மேல்மாடிப் படுக்கையறையில் தெளிவாகக் கேட்கிறது’ என்ற ஒரு வரி பத்து ‘சூப்பர் ரேஞ்ச்’சுக்குச் சமம்.

படி 5: போன் கட்டத்தில் மிஞ்சியதை எண்ணுங்கள்

இப்போது மிஞ்சியிருப்பதுதான் உண்மையான குறை. முழுசாக வைத்தும் காதில் சத்தம் போதவில்லை. ஸ்பீக்கரில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் அறுந்துபோகிறது. பொத்தானில் எண் அழிகிறது, ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது. சார்ஜில் வைக்கும்போது சரியாக உட்காராமல் சாய்ந்துவிடுகிறது. திரை எழுத்து பொடியாக இருக்கிறது. இந்த மாதிரிக் குறையை மூன்று நாலு பேர், தங்கள் தங்கள் வார்த்தையில், வேறு வேறு மாதங்களில் சொல்லியிருந்தால் நம்புங்கள். அப்புறம் முதல் படியில் எழுதிய நாலு வரியை எடுத்து ஒப்பிடுங்கள். எனக்குத் திரை எழுத்து முக்கியமில்லை, அப்பாவின் கண் நன்றாகத்தான் இருக்கிறது. காதில் சத்தம் போதவில்லை என்று நாலு பேர் எழுதிய மாடலை, மற்ற எல்லாம் பிடித்திருந்தும் விட்டுவிட்டேன்.

படி 6: வந்ததும் சோதியுங்கள், திருப்பித் தரும் நாளுக்குள்

முதல் சார்ஜ் முடிந்ததும் வீட்டில் ஒருவரிடம் செல்போனைக் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே ஒவ்வோர் அறையாக நடங்கள். குரல் உடையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பேஸைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, ரூட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்து மறுபடி நடந்து பாருங்கள். சத்தத்தை முழுசாக ஏற்றி, குரல் கிழிகிறதா என்று கேளுங்கள். பேசப் போகிறவர் கையில் கொடுத்து, அவரையே ஓர் எண்ணை அழுத்தச் சொல்லுங்கள். இரைச்சல் வந்தால் போனைக் குறை சொல்லும் முன் அதே சாக்கெட்டில் ஒயர் போனைச் செருகிப் பாருங்கள். அதிலும் இரைச்சல் என்றால் லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

இரட்டை ஹேண்ட்செட் வாங்கினால், இரண்டாவதன் சார்ஜ் தொட்டிலில் லைன் துளை இருக்காது. அதற்குக் கரண்ட் மட்டும் போதும், அது பேஸுடன் அலைவழியாகப் பேசும்.

படி 7: நீங்களும் எழுதுங்கள்

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறீர்கள், எந்த லைன், எத்தனை சுவர், யார் பேசுகிறார் என்ற நாலும் இருந்தால் போதும், நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் மூன்றாவது போனுக்கு நான் எழுதியது இது:

‘நான்கு மாதமாகப் பயன்படுத்துகிறோம். ஃபைபர் லைன், ரூட்டர் வழியாக. பேஸ் கூடத்தில், இரண்டு சுவர் தாண்டி அப்பாவின் அறையில் தெளிவாகக் கேட்கிறது, மொட்டைமாடியில் கேட்கவில்லை. சத்தம் முழுசாக வைத்தும் கிழியவில்லை; காது மந்தமான 78 வயதுக்காரர் ஸ்பீக்கர் போடாமலேயே பேசுகிறார். ஏஏஏ செல் இரண்டு, எளிதாக மாற்றலாம். ஐந்தாம் எண் பொத்தான் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. கரண்ட் போனால் வேலை செய்யாது.’