பி.சி.ஏ. முதலாண்டு: லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி திறந்த சில வாரங்களுக்குள் பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு குறுக்குவழி பிடிபட்டுவிடும். ப்ரோக்ராம் ஓடினால் அவுட்புட்டைக் காட்டி அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடலாம். ஓடாவிட்டால் பக்கத்து சிஸ்டத்தில் ஓடுவதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். ப்ரோக்ராமிங், நெட்வொர்க்கிங், வெப் டிசைன் என்று மூன்று தாளுக்கும் இதே வழிதான். மதிப்பெண் அளவில் இதனால் பெரிய நட்டமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்தப் பாடங்களில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி, எதுவும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பதால் வருபவைதான் கீழே உள்ள தவறுகளில் பாதி.

முதல் தவறு, எரர் செய்தியைப் படிக்காமல் இருப்பது. சி மொழியில் ஓர் அரைப்புள்ளி (;) விட்டுப்போனால், நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஐந்தாறு எரர்களைக் கொட்டும். பட்டியலின் கடைசி எரர் கண்முன்னே நிற்பதால் பலரும் அதிலிருந்து தொடங்குவார்கள். எப்போதும் மேலே உள்ள முதல் எரரை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பல தாமாகவே மறைந்துவிடும். கம்பைலர் சொல்லும் வரி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். எட்டாவது வரியில் விட்ட அரைப்புள்ளிக்கு ஒன்பதாவது வரியைக் காட்டுவது அதன் வழக்கம். நெளி அடைப்பு ஒன்று மூடப்படாமல் போனாலோ, புகார் கோப்பின் கடைசி வரியில் போய் நிற்கும்.

எரரையாவது வேறு வழியில்லாமல் பார்க்கிறார்கள், வார்னிங்கை யாரும் பார்ப்பதில்லை. இஃப் அடைப்புக்குள் == போட வேண்டிய இடத்தில் = ஒன்றை மட்டும் போட்டால் ப்ரோக்ராம் கம்பைல் ஆகிவிடும். ஆனால் அது ஒப்பிடாது, மதிப்பை மாற்றிவிடும். ஐந்தை இப்படிக் கொடுத்தால் அந்த நிபந்தனை எப்போதுமே உண்மைதான். நம் லேப்களில் இன்னும் உயிரோடிருக்கும் டர்போ சி++ கூட இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை தரும். ஆனால் அந்தச் சின்னக் கட்டத்தில் எரர் பூஜ்யம், சக்சஸ் என்று மின்னியதும் கை தானாக ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிடுகிறது. லினக்ஸில் வழக்கமான ஜிசிசி கம்பைலரைப் பயன்படுத்துபவர்கள் முக்கியமான எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றைக் காட்டும் ‘-டபிள்யூஆல்’ (-Wall) ஆப்ஷனோடு கம்பைல் செய்யப் பழகுங்கள். ஸ்கேன்எஃப்பில் & குறியை மறந்ததைக்கூட அது பிடித்துக்கொடுக்கும்.

டர்போ சி++ பற்றிப் பேச்சு வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் போர்லண்ட் நிறுவனம் பழைய டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட இந்தக் கம்பைலரை இன்றைய விண்டோஸில், டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் வழியாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். லேபில் அதுதான் இருக்கிறது என்றால் பயன்படுத்தத்தான் வேண்டும். அதன் பழக்கங்களையே சி மொழி என்று நினைத்துவிடுவதுதான் தவறு. கோனியோ ஹெடரும் திரையைத் துடைக்கும் கிளர்ஸ்க்ரும் சி மொழியின் பகுதிகள் அல்ல. லினக்ஸில் ஜிசிசியிடம் கொடுத்தால் அப்படி ஒரு ஹெடரே இல்லை என்று சொல்லிவிடும். இன்னொரு வேறுபாட்டை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஃபேக்டோரியல் ப்ரோக்ராமில் 7 கொடுத்தால் டர்போ சி 5040 என்று சரியாகச் சொல்லும். 8 கொடுத்தால் 40320 வராது, -25216 வரும். அங்கே முழு எண்ணை வைக்கும் இன்ட் வகைக்கு 16 பிட்தான். 32767-க்கு மேல் அதில் இடமில்லை. ஜிசிசியில் இன்ட் 32 பிட் என்பதால் 12 வரை சரியாக வரும், 13-இல் உடையும். இந்த உடைசல்தான் ஆபத்தானது. வரவேண்டியது சுமார் 622 கோடி, வருவதோ 193 கோடி சொச்சம். மைனஸ் குறி இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது. ரெக்கார்டில் 5-க்கு 120 என்று ஒரே ஒரு அவுட்புட்டை எழுதி முடித்தவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எந்த ப்ரோக்ராமையும் பூஜ்யம், மைனஸ் எண், மிகப்பெரிய எண் என்று மூன்றையாவது கொடுத்து மிரட்டிப் பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதுங்கள்.

பைதானுக்கு மாறிய பாடத்திட்டங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். பதிலாக வேறொன்று காத்திருக்கிறது: இன்புட் ஃபங்ஷன் எதை வாங்கினாலும் அதை எழுத்துச்சரமாகவே தரும். 5-யும் 7-யும் கூட்டினால் 57 வருவது அதனால்தான்.

ப்ரோக்ராமை மனப்பாடம் செய்வது பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) வந்து ‘ஏறுவரிசைக்குப் பதில் இறங்குவரிசையில் காட்டு’ என்றதும் அது காலைவாரும். சாட்ஜிபிடியிடம் வாங்கி ஒட்டுவதும் அதே ரகம்தான். அதைக் கேட்கவே கூடாது என்பதல்ல. ப்ரோக்ராமை எழுதித் தரச் சொல்லாமல், நீங்கள் எழுதிய ப்ரோக்ராம் ஏன் உடைகிறது என்று கேளுங்கள். வந்த விளக்கத்தை ஒரு வரி மாற்றி ஓட்டிச் சரிபாருங்கள்.

நெட்வொர்க்கிங்கில் எல்லாரும் முதலில் உருப்போடுவது, கணினிகள் தகவல் பரிமாறும் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அந்த மாடலை 1984-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1983 ஜனவரி 1 அன்றே, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட், இன்றும் இன்டர்நெட் பேசும் டிசிபி/ஐபி விதிமுறைக்கு மாறிவிட்டது. ஆக, ஏழு அடுக்கு என்பது பேசிப் புரிந்துகொள்ள ஒரு வரைபடம். இன்டர்நெட் அதைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல. அடுக்குகளின் பெயரை ஒப்பிப்பதைவிட, ‘பிரவுசரில் ஒரு முகவரியை அடித்தால் என்னென்ன நடக்கும்’ என்ற கேள்விக்கு டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி தேடுவது), ஏஆர்பி (உள்நெட்வொர்க்கில் அடுத்த கருவியின் வன்பொருள் முகவரி தேடுவது), டிசிபி (இணைப்பை ஏற்படுத்துவது) என்று வரிசையாகப் பதில் சொல்லிப் பழகுவது பயன்தரும். வைவாவிலும் அந்தப் பதில் எடுபடும்.

நெட்வொர்க் கேபிளின் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப்) பயிற்சியைச் சிலர் கைவேலை என்று அலட்சியமாக நினைக்கிறார்கள். அதில் ஓர் அழகான பொறி இருக்கிறது. எட்டுக் கம்பிகளை அடுக்கும் 568பி முறையில் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி புகுந்திருப்பதைப் பார்த்து, ‘இதென்ன குழப்பம்’ என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே வரிசைதான். டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் முறையாக எரியும். ஆனால் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் 1-2 முனைகளை ஒரு ஜோடியாகவும் 3-6 முனைகளை இன்னொரு ஜோடியாகவும் பயன்படுத்துகிறது. நீங்கள் அடுக்கிய முறையில் 3 பச்சை ஜோடியிலிருந்தும் 6 நீல ஜோடியிலிருந்தும் வருகின்றன. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடாத இரு கம்பிகள் பக்கத்துச் சிக்னலை வாங்கிக்கொள்ளும்; கேபிளின் நீளம் கூடக் கூட இணைப்பு திணறும். மலிவான டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும், எது எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நுனியில் முறுக்கைப் பிரிப்பதும் அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. ஸ்விட்ச்சில் கேபிளைச் செருகியதும் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் உடனே அழித்துவிட்டு வேறு கேபிள் போடுகிறார்கள். பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வராமல் பார்த்துக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ தன் வேலையை முடிக்க சுமார் 30 விநாடி ஆகும்; பிறகு தானே பச்சையாகிவிடும். ரௌட்டரைத் தாண்டி பிங் செய்யும்போது (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும்போது) முதல் பாக்கெட் தொலைவதும் இப்படித்தான். ஏஆர்பி முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது போய்விடும். இன்னொரு முறை பிங் செய்யுங்கள், நான்கும் வரும். இரண்டாம் முறையும் வராவிட்டால்தான் தவறு உங்களுடையது. பெரும்பாலும் ரௌட்டர் இன்டர்ஃபேஸுக்கு அதை இயக்கும் ‘நோ ஷட்டவுன்’ கட்டளையைக் கொடுக்க மறந்திருப்பீர்கள்.

நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கில் இரண்டு இடத்தில் வழுக்கும். /26 (முகவரியின் 32 பிட்டில் முதல் 26 நெட்வொர்க்குக்கு) என்றால் 64 முகவரிகள். அதில் நெட்வொர்க்குக்கு ஒன்று, பிராட்காஸ்ட்டுக்கு ஒன்று போக 62 சிஸ்டங்களுக்குத்தான் கொடுக்கலாம். இது பலருக்கும் தெரியும். 192.168.1.60, 192.168.1.70 இரண்டையும் /26 போட்டு ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டு, ஏன் பிங் போகவில்லை என்று தவிப்பதுதான் அடுத்தது. முதல் சப்நெட் 63-ஓடு முடிந்துவிட்டது; 70 அடுத்த சப்நெட். ஒரே ஸ்விட்ச்சில் இருந்தாலும் நடுவே ரௌட்டர் வேண்டும். ஏ, பி, சி கிளாஸ் முறையை வைத்தே எல்லாவற்றையும் யோசிப்பதும் இங்கே குழப்பும். /26 போல வேண்டிய அளவில் பிரிக்கும் சிஐடிஆர் முறை 1993-இலேயே அதை ஓரங்கட்டிவிட்டது, தேர்வுத்தாள் இன்னும் கேட்கிறது என்பது வேறு விஷயம்.

வெப் டிசைனிலும் இதே பழைய சரக்குத் தொல்லை உண்டு. எழுத்தின் நிறத்துக்கு ஃபான்ட் டேக் வேண்டாம், சிஎஸ்எஸ் போதும் என்று 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4-லேயே சொல்லிவிட்டார்கள். தேர்வில் எழுத்தை ஓடவிடும் மார்கீ டேக் கேட்டால் எழுதுங்கள், ப்ராஜெக்டில் ஓடவிடாதீர்கள்.

அதைவிட அதிகம் அடிபடுவது படங்கள். டி டிரைவில் தொடங்கும் முழுப் பாதையைப் படத்துக்குக் கொடுத்தால் உங்கள் சிஸ்டத்தில் மட்டும் தெரியும். பக்கம் இருக்கும் ஃபோல்டரிலிருந்தே பாதையை எழுதுங்கள். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது, பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் விடாது. லேபில் தெரிந்த படம் ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் காணாமல் போக இதுவே முதல் காரணம்.

தமிழில் பக்கம் எழுதுபவர்கள் ஹெட் பகுதியில் யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை) என்று அறிவிக்க மறக்கக் கூடாது. மறந்தால் எழுத்துகளுக்குப் பதில் கிறுக்கல்கள் வரலாம். காரணம் தெரிய வேண்டுமானால் ஒரு சோதனை: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைதான் 5 என்கிறது. இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. சி மொழியில் நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென் ஃபங்ஷன், கோப்பு யுடிஎஃப்-8 என்றால், 15 என்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கிய ப்ரோக்ராமில் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ப்ராஜெக்ட் முடித்த உற்சாகத்தில் நடக்கும் ஒன்று. விஎஸ் கோட் எடிட்டரின் லைவ் சர்வரில் பக்கத்தைத் திறந்து, மேலே தெரியும் 127.0.0.1:5500 என்ற முகவரியை அப்படியே நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ‘ஓபன் ஆகலடா’ என்று பதில் வரும். அந்த முகவரி அடிக்கப்படும் கருவியையே குறிக்கும் என்பதால், அவன் போன் தன்னுள்ளேயே சர்வரைத் தேடுகிறது. இருவரும் ஒரே வைஃபையில் இருந்தால் உங்கள் சிஸ்டத்தில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்து, 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்து, அதோடு 5500 போர்ட்டைச் சேர்த்து அனுப்புங்கள். அப்போதும் வரவில்லையா, முதலில் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். 169.254 என்று முகவரி தொடங்கினால் முகவரி வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். எல்லாம் சரியாக இருந்தும் திறக்காவிட்டால், கல்லூரி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைத் தொட முடியாதபடி தடுத்து வைத்திருக்கலாம். ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் இணைத்துப் பாருங்கள்.