எண்ணெய் போட வேண்டிய இடமும் போடக் கூடாத இடமும்: ரீலோடிங் மேஜைப் பராமரிப்பு

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் போகிறவர்களில் நிறையப் பேர், சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து கராஜில் ஒரு மேஜை போட்டுத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர்தான் ரீலோடிங். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் இதை அந்த ஊர் விஷயமாகவே படியுங்கள்.

எந்தக் கூட்டுக்கு எவ்வளவு வெடிமருந்து (சுருக்கமாக மருந்து) என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதை மருந்து தயாரிப்பவர்கள் வெளியிடும் கையேட்டில் மட்டும்தான் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது கருவிகளைப் பற்றி. இந்த மேஜையில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை எண்ணெயால்தான் வருகின்றன. ஒன்று, வேண்டிய இடத்தில் இருக்காது. இல்லையென்றால், வேண்டாத இடத்தில் இருக்கும்.

முதலில் பிரஸ், அதாவது நெம்புகோலை இழுத்துக் கூட்டை அச்சுக்குள் அழுத்தும் கருவி. ராக் சக்கர் மாதிரி வார்ப்பிரும்பு பிரஸ் ஒன்றை வாங்கினால் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம், ஆனால் ராம் (கூட்டை மேலே தூக்கிச் செல்லும் தண்டு) தேயாமல் இருந்தால்தான். பழைய ப்ரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி வெளியேற்றும்போது கரிய பொடி கொஞ்சம் கொட்டும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும், உப்புத்தாள் மாதிரிதான் அது. ராமில் எண்ணெய் வழிய வழிய இருந்தால் அந்தப் பொடி அதில் ஒட்டி, ஒவ்வொரு இழுப்புக்கும் உலோகத்தை அராவும். அதனால் வேலை முடிந்ததும் ராமைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விரலால் பூசினால் போதும். டில்லன் மாதிரி, ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் புரொகிரெசிவ் பிரஸ் வைத்திருந்தால், கூடுகளைத் தாங்கிச் சுற்றும் ஷெல் பிளேட்டுக்கு அடியிலும் பாருங்கள், சிந்திய மருந்துத் துகள்கள் அங்கே சேர்ந்துதான் பிளேட் திக்கித் திக்கிச் சுற்றும்.

அடுத்தது சைஸிங் டை, அதாவது சுட்டதில் விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு. நேரான கைத்துப்பாக்கிக் கூடுகளுக்குக் கார்பைடு டை இருந்தால் லூப் (கூட்டில் தடவும் மசகு) இல்லாமலே சமாளிக்கலாம். .308 மாதிரி கழுத்து குறுகிய ரைஃபிள் கூடுகளுக்கு அது நடக்காது. நான் ஒருநாள் அவசரத்தில், பத்தில் ஒன்று லூப் படாமல் போனால் என்ன என்று நினைத்து நெம்புகோலை அழுத்தினேன். கூடு உள்ளே போனது, வெளியே வரவில்லை. திரும்ப இழுத்ததில் கூட்டின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. அப்புறம் டையைக் கழற்றி, கூட்டின் அடியில் டிரில்லால் துளைத்து, மரை வெட்டி, போல்ட் முறுக்கி அதை வெளியே எடுப்பதற்குள் ஒரு சாயங்காலமே போய்விட்டது. (கூட்டில் சுடாத ப்ரைமர் இருந்தால் டிரில் பக்கமே போகக் கூடாது.) அதற்காக லூப்பைக் கண்டபடி அப்பினாலும் ஆபத்துதான்: கூட்டின் தோள்பட்டையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். குழி விழுந்தால் லூப் அதிகம், அல்லது டையின் பக்கத்தில் இருக்கும் ஊசித்துளை அடைத்திருக்கிறது. லேனோலினை (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து தெளித்து, ஆல்கஹால் ஆவியாகும்வரை சில நிமிடம் விட்டுவிட்டுச் செய்தால் ஒழுங்காகப் படியும். சைஸ் செய்த பிறகு அந்த லூப்பைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள்.

டைகளை எடுத்து வைக்கும்போது உள்ளே லேசான எண்ணெய், டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். அடுத்த முறை எடுக்கும்போது அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

இனி எண்ணெய் ஆகவே ஆகாத இடங்கள். ப்ரைமரில் எண்ணெய் பட்டால் அது வெடிக்காமல் போகலாம், அதனால் எண்ணெய்க் கையோடு ப்ரைமர் தட்டைத் தொடாதீர்கள். ப்ரைமர்களைக் கடையிலிருந்து வந்த டப்பாவிலேயே வையுங்கள். ஜாடியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது மற்றவையும் சேர்ந்து வெடிக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 495 சொல்லும் வரம்பு 10,000 ப்ரைமர்.

மருந்து அளக்கும் கருவியின் உருளைக்கும் எண்ணெய் கூடாது, துகள்கள் ஒட்டி அளவு மாறிவிடும். புதிதாக இருந்தால் கிராஃபைட் பொடி தடவுங்கள். நிலைமின்சாரத்தால் மருந்து பிளாஸ்டிக் ஹாப்பரில் (கருவியின் மேலே மருந்து கொட்டி வைக்கும் குடுவை) ஒட்டினால், துணி உலர்த்தியில் போடும் டிரையர் ஷீட் ஒன்றால் துடைத்தால் நின்றுவிடும். வேலை முடிந்த அன்றே ஹாப்பரைக் காலி செய்து, மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டிவிடுங்கள். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து நாள்கணக்கில் இருந்தால் பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் உள்ளே இருப்பது எந்த மருந்து என்று நினைவிருக்காது. வேறு மருந்து என்று நினைத்து அதை நிரப்பினால் துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடித்துச் சிதறலாம். ஹாப்பரில் இருப்பது எது என்று துளி சந்தேகம் வந்தாலும் அதை உபயோகிக்காமல் அப்புறப்படுத்துங்கள். ஒரே நேரத்தில் மேஜையில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

தராசைத்தான் நான் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பேன். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கை நாம் அளக்கிறோம். ஏசி காற்று பட்டாலே டிஜிட்டல் தராசின் எண் ஆடும். ஆன் செய்து நன்றாகச் சூடாகவிட்டு, சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்த பிறகே ஆரம்பியுங்கள், நடுவிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தண்டுத் தராசு என்றால் கத்திமுனையிலும் அது உட்காரும் பள்ளத்திலும் எண்ணெய் போடவே கூடாது, தூசியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஆட்டத்தை அடக்கும் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டியிருந்தால் தண்டு உரசி நின்று பொய் எடை காட்டும். டேப்பை அதில் ஒட்டி உரித்தால் தூள் வந்துவிடும்.

கடைசியாக டம்ளர், அதாவது கூடுகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரம். வால்நட் தூளில் கூடுகளைச் சுழற்றினால் எழும் புழுதியில் ஈயம் இருக்கும், பெரும்பாலான ப்ரைமர்களில் ஈயச் சேர்மம்தானே இருக்கிறது. டிரையர் ஷீட்டை வெட்டி உள்ளே போட்டால் கொஞ்சம் புழுதியை அது பிடிக்கும். கூடுகளைத் தூளிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். நான் தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டுச் சுழற்றும் முறைக்கு மாறியதே குழந்தைகள் அந்தப் பக்கம் ஓடிவருவதைப் பார்த்துத்தான். மேஜையில் சாப்பாடு, காபி எதுவும் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கையை முழங்கைவரை கழுவிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போங்கள்.