கல்லூரி லேப் ஸ்டோரை டிஜிட்டலுக்கு மாற்றுவது எப்படி?

பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின நாள்தான் சில்வர் நைட்ரேட் தீர்ந்துபோனது தெரியவரும். உடனே பாரிமுனைக்கு ஆள் ஓடும், சொன்ன விலைக்கு வாங்கி வருவார். சென்னைக் கல்லூரிகளில் பழகிப்போன இந்த அவதியைத் தீர்க்க, எடுத்த எடுப்பிலேயே ஈஆர்பி (கல்லூரியின் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் பெரிய மென்பொருள்) வாங்க வேண்டாம். ஒரு லேப், ஒரு கூகுள் ஷீட், ஸ்டோரில் ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும்.

1. ஐட்டம் கோடு, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாளக் குறியீடு. பாதி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். ரிஜிஸ்டரில் ஒரே ஆசிட் ‘ஹெச்சிஎல்’, ‘கான்க் ஹெச்சிஎல்’, ‘ஹைட்ரோகுளோரிக் ஆசிட்’ என்று மூன்று பெயரில் கிடக்கும். மூன்றும் ஒரே பொருள்தானா என்று பாட்டிலைப் பார்த்து உறுதி செய்து, ஒரே கோடு கொடுங்கள். எல்ஆர் (சாதாரண லேப் தரம்), ஏஆர் (பகுப்பாய்வுக்கான கூடுதல் தூய்மைத் தரம்) கிரேடுகளுக்குத் தனித்தனிக் கோடு. அளவு திரவத்துக்கு மில்லி, பொடிக்குக் கிராம். ‘பாட்டில்’ என்று எழுதவே கூடாது. 500 மில்லியும் பாட்டில்தான், 2.5 லிட்டரும் பாட்டில்தான்.

2. இருப்பு எண்ணிக்கை. ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றாதீர்கள். அலமாரியில் இருப்பதை எண்ணி ஏற்றுங்கள். காலாவதித் தேதிக்கும் பாட்டில் திறந்த தேதிக்கும் ஷீட்டில் தனித்தனி நெடுவரிசை வேண்டும். திறந்த ஈதரில் நாளாக நாளாக பெராக்சைடு சேரும், அது வெடிக்கக்கூடியது.

3. ஃபார்மும் க்யூஆரும். ஷீட்டோடு இணைத்த கூகுள் ஃபார்மில் நான்கே கேள்விகள்: கோடு, வரவா செலவா, அளவு, யாருக்கு. ஒவ்வொரு கோடுக்கும் முன்நிரப்பிய இணைப்பு (திறந்ததுமே கோடு நிரம்பியிருக்கும் லிங்க்) எடுத்து, அதை க்யூஆராக்கி 3 செ.மீ. அளவில் லேசர் பிரிண்ட் போடுங்கள். இங்க்ஜெட் மை நம்மூர் ஈரத்தில் கசிந்துவிடும். பாட்டிலில் ஒட்டினால் வழியும் ஆசிட் லேபிளை அரித்துவிடும். அலமாரி விளிம்பில் ஒட்டி, மேலே டேப் போடுங்கள். ஸ்டோருக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் ‘சாயங்காலம் மொத்தமாகப் போட்டுக்கலாம்’ என்று ஆரம்பிக்கும், கணக்கு அன்றோடு கெட்டுவிடும்.

4. மறு ஆர்டர் அளவு, அதாவது இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் மறுபடி ஆர்டர் போட வேண்டும் என்பது. வாரச் செலவை, சரக்கு வந்துசேரும் வாரங்களால் பெருக்கி, ஒரு வாரச் செலவைக் கூடுதலாகச் சேருங்கள். வாரம் 5 லிட்டர் ஆசிட் செலவாகி, சரக்கு வர 3 வாரம் ஆனால் 15 + 5 = 20 லிட்டர், அதாவது எட்டு 2.5 லிட்டர் பாட்டில். இருப்பு அதைத் தொட்டதும் அந்த வரி சிவப்பாகட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் பரீட்சையும் சேர்ந்து வரும். அந்த மாதங்களுக்குத் தனிக் கணக்குப் போடுங்கள்.

5. சரக்கு வரும்போது. பர்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், வந்த சரக்கு மூன்றும் ஒத்துப்போன பிறகே வரவு, இன்வாய்ஸ் அதற்கப்புறம்.

இருப்பு மைனஸில் காட்டினால் ஷீட்டைக் குறை சொல்லாதீர்கள். வரவு பதியாமல் விட்டிருப்பார்கள், அல்லது 500 மில்லி எடுத்த இடத்தில் 5000 என்று அடித்திருப்பார்கள். சனிக்கிழமைதோறும் பத்து ஐட்டத்தை எண்ணிச் சரிபார்த்தால் இவை சீக்கிரமே பிடிபடும்.

ஆடிட் ஒப்புக்கொள்ளும் வரை பழைய ரிஜிஸ்டரை நிறுத்த வேண்டாம். மாதக் கடைசியில் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து, ஸ்டோர் கீப்பரும் துறைத் தலைவரும் கையெழுத்திட்டு அதோடு சேர்த்து வையுங்கள்.